வாசிகசாலைக் கணினி அறையில் டேட்டா எங்கே போகிறது என்று பார்க்க 20,000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம்?

ஐசிடி டீச்சர், பெரியகல்லாறு
ஜனவரி 6

வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையின் மேல்மாடியில் உயர்தரப் பிள்ளைகளுக்காக ஒரு கணினி அறை வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்த ஒன்பது பழைய டெஸ்க்டொப், ஒரு ஃபைபர் இணைப்பு, மாதம் 100 ஜிபி. மாதக் கட்டணத்தையும் அவர்களில் ஒருவர்தான் கட்டுகிறார். பாடம் எடுப்பது நான்.

செப்டெம்பர் வரை அந்த 100 ஜிபி மாதக் கடைசி வரை தாராளமாக வந்தது. ஒக்டோபரிலிருந்து 18ஆம், 19ஆம் திகதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வேகம் செத்துப்போய், ஒரு கடந்தகால வினாத்தாளைத் திறக்கவே பிள்ளைகள் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். போன நிர்வாக சபைக் கூட்டத்தில் "பொடியன்கள் படம் பார்க்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு அறையைப் பூட்டிவிடலாம் என்ற கதை வந்தது. எங்கள் பிள்ளைகளில் பலருக்கு ஐந்து மணிக்குப் பிறகுதான் வரமுடியும். காலையில் பள்ளி, பின் ரியூஷன்.

நான் அவர்களுக்குப் பின்னால் நின்றுதான் பாடம் எடுக்கிறேன். அவர்கள் படம் பார்ப்பதை நான் கண்டதில்லை. ஆனால் "நான் காணவில்லை" என்பது கூட்டத்தில் எடுபடாது. எந்தக் கணினி, எந்த நேரம், எவ்வளவு என்று எண்ணோடு காட்ட வேண்டும். பெப்ரவரி முதல் ஞாயிறு அடுத்த கூட்டம்.

எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். நிறுவனம் தந்த ரவுட்டர், ஃபைபர் அதற்குள்தான் வருகிறது. அதிலேயே வைஃபையும் உண்டு. அதிலிருந்து ஒரு கேபிள் 16 போர்ட் சுவிட்ச்சுக்கு, அங்கிருந்து ஒன்பது கணினிக்கும். சுவிட்ச் சாதாரணமானது, செட்டிங்ஸ் என்று ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் செயலி மொத்தக் கணக்கை மட்டும் காட்டுகிறது. ஒரு கணினியில் வயர்ஷார்க் என்ற, வலையமைப்பில் போய்வருவதைப் பிடித்துக் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணினியின் போக்குவரத்தும், எல்லோருக்கும் போகும் சில அறிவிப்புப் பொதிகளும் (தரவுத் துண்டுகள்) மட்டும் வந்தன. பக்கத்துக் கணினியில் ஒரு பிள்ளை பெரிய கோப்பை இறக்கும்போதும் என் திரையில் ஒன்றும் அசையவில்லை.

வைஃபை கடவுச்சொல் நூலகர், நான், சொந்த லெப்டொப் கொண்டுவரும் நான்கு மாணவர்கள் ஆகியோரிடம் மட்டும் இருக்கிறது. நான் அதைப் பெரும்பாலும் பாடத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பத்தான் பாவிக்கிறேன். மண்டூரிலிருந்து குருமண்வெளிப் பாதையில் (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு) வாவியைக் கடந்து வரும் மூன்று பிள்ளைகள் மாரியில் அடிக்கடி வரமுடியாமல் போகும், அவர்களுக்காக.

பட்ஜெட் 20,000 ரூபாய். கடையில் காட்டிய கருவி அதைப்போல மூன்று மடங்கு. எதை வாங்குவது, வாங்கியதை எந்த இடத்தில் பொருத்துவது? இரண்டாவது கேள்விதான் எனக்கு அதிகம் குழப்பம்.


வயரிங் நானா, கல்முனை

வணக்கம் டீச்சர். வயர்ஷார்க்கில் ஒன்றும் தெரியாதது உங்கள் பிழை இல்லை. சுவிட்ச் என்பது எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) எந்த போர்ட்டில் இருக்கிறது என்று ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளும். மூன்றாம் கணினிக்கு வந்ததை மூன்றாம் போர்ட்டுக்கு மட்டும்தான் கொடுக்கும். நீங்கள் ஐந்தாம் போர்ட்டில் காத்திருந்தால் அது எப்படி வரும்?

பழைய ஹப் அப்படி இல்லை, ஒரு போர்ட்டில் வந்ததை எல்லா போர்ட்டுக்கும் கொட்டும். அதனால் ஒரு ஹப் தேடி வாங்குங்கள் என்று யாராவது சொல்லக்கூடும். வேண்டாம். 10 அல்லது 100 எம்பிபிஎஸ், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும். ஒன்பது கணினி ஓடினால் அறையே நொண்டும். இன்னொன்று, எங்கள் பக்கக் கடைகளில் சுவிட்ச்சையும் "ஹப்" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் ஹப் கேட்டால் கையில் வருவது சாதாரண சுவிட்ச்.

உங்களுக்குத் தேவை போர்ட் மிரரிங் உள்ள சிறிய சுவிட்ச். ரவுட்டருக்குப் போகும் போர்ட்டில் நடப்பதையெல்லாம் இன்னொரு போர்ட்டுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கும். அந்த போர்ட்டில் ஒரு கணினியைக் கொழுவி வயர்ஷார்க்கோ, போக்குவரத்தை அளந்து காட்டும் என்டாப்என்ஜியோ ஓடவிட்டால் யார் எவ்வளவு என்று வந்துவிடும். மலிவில் டிபி-லிங்க் டிஎல்-எஸ்ஜி108இ, அல்லது நெட்கியர் ஜிஎஸ்308இ. இரண்டும் எட்டு போர்ட், கிகாபிட்.

ஒரு எழுத்தில் ஏமாறாதீர்கள். எஸ்ஜி108 வேறு, எஸ்ஜி108இ வேறு. பெட்டியும் நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் அந்த 'இ' இல்லாவிட்டால் மிரரிங் இல்லை, நீங்கள் இப்போது வைத்திருக்கும் சுவிட்ச்சின் தம்பியைத்தான் வாங்கி வருவீர்கள். நான் ஒரு வாடிக்கையாளருக்கு அவசரத்தில் இ இல்லாததை வாங்கிக்கொண்டு போய், மறுபடி பஸ் ஏறியிருக்கிறேன்.

மிரர் போர்ட்டும் கிகாபிட்தான். ஒரு கிகாபிட் இணைப்பு இரண்டு திசையிலும் நிரம்பி ஓடினால் பிரதி அதற்குள் அடங்காது, சில பொதிகள் விழும். உங்கள் ஃபைபர் வேகத்துக்கு அந்தப் பிரச்சினை வராது.


ஒலுவில் பழைய மாணவன், அக்கரைப்பற்று

நானா சொன்னதில் பிழை இல்லை. ஆனால் டீச்சரின் அறையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

டீச்சர், உங்கள் வைஃபை நிறுவனத்தின் ரவுட்டருக்குள்ளேயே இருக்கிறது. லெப்டொப்பும் போனும் அங்கேயே ஏறி அங்கேயே வெளியே போய்விடும். கேபிளில் இறங்கி உங்கள் சுவிட்ச் பக்கம் வரவே வராது. ஆகவே எவ்வளவு நல்ல மிரர் சுவிட்ச் வாங்கினாலும் ஒன்பது டெஸ்க்டொப்பை மட்டும்தான் பார்ப்பீர்கள். கணக்கில் பாதி காணாமல் போகும். இல்லாத பாதிக்கும் சேர்த்து டெஸ்க்டொப்பில் இருந்த பிள்ளைதான் பழி சுமக்கும்.

சரி, எதிர்ப் பக்கம், ரவுட்டருக்கு வெளியே வைத்தால்? அங்கே எல்லாரும் ஒரே முகவரியாகிவிடுவார்கள். உள்ளே இருபது பேர் இருந்தாலும் வெளியே ஒருவர்தான். எனவே கருவி நிற்க வேண்டிய இடம், எல்லாரும் கடந்து போகிற, ஆனால் இன்னும் தனித்தனி முகவரியோடு இருக்கிற இடம். அது உங்கள் சொந்த ரவுட்டர்தான்.

மைக்ரோடிக் ஹெக்ஸ், ஆர்பி750ஜிஆர்3 என்ற மாடல். ஐந்து கிகாபிட் போர்ட், வைஃபை கிடையாது. லெப்டொப் விற்பவர்களிடம் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கும், உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். தனியாக ஒரு கணினியை ஓடவிடவும் தேவையில்லை, அதுவே அளக்கும். டோர்ச் என்று ஒரு கருவி அதற்குள் இருக்கிறது, இந்த வினாடியில் எந்த முகவரி எவ்வளவு இழுக்கிறது என்று நேரடியாகக் காட்டும். நாள், கிழமை, மாதக் கிராஃபும் வரையும்.

நிறுவனத்தின் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிள் ஹெக்ஸின் முதல் போர்ட்டுக்கு. இரண்டாம் போர்ட்டிலிருந்து உங்கள் பழைய 16 போர்ட் சுவிட்ச்சுக்கு, அது போதும், புதிது வேண்டாம். நிறுவனத்தின் ரவுட்டரில் வைஃபையை நிறுத்திவிடுங்கள். ஊரில் யார் வீட்டிலாவது தூசு பிடித்துக் கிடக்கும் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதில் டிஎச்சிபியை (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்தி, முகவரியை 192.168.88.2 என்று மாற்றி, சுவிட்ச்சிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (உள் வலையமைப்பு) போர்ட்டில் கொழுவுங்கள். வேன் (இணையம் வரும் பக்கம்) போர்ட்டில் கொழுவினால் வைஃபைக்காரர் அத்தனை பேரும் மறுபடி ஒரே முகவரியாகிவிடுவார்கள், செய்த வேலை வீண்.

ஒவ்வொரு கணினிக்கும் டிஎச்சிபி லீஸை, அதாவது கொடுத்த முகவரியை, நிரந்தரமாக்கி, ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு சிம்பிள் கியூ (அந்த முகவரியின் போக்குவரத்து கடந்து போகும் வரிசை) போடுங்கள். வேக எல்லை எதுவும் வைக்காமல் வெறும் எண்ணிக்கைக்காக. அதற்கு முன் ஃபயர்வாலில் ஃபாஸ்ட்ராக் என்ற விதியை நிறுத்த வேண்டும். கருவி வரும்போதே அது ஓடிக்கொண்டிருக்கும். அது இருக்கும் வரை பொதிகள் கியூவைத் தொடாமல் குறுக்கு வழியில் போகும், எல்லாம் பூச்சியம் என்று காட்டும். நான் முதல் தடவை இரண்டு நாள் இதில் மண்டையை உடைத்தேன்.


ஐசிடி டீச்சர், பெரியகல்லாறு

தம்பி, அந்த ஓட்டையை நான் யோசிக்கவே இல்லை. நானாவுக்கும் நன்றி, எழுத்து விஷயம் தெரியாமல் போயிருந்தால் இ இல்லாததைத்தான் வாங்கியிருப்பேன்.

மூன்று சந்தேகம். ரவுட்டருக்குப் பின் ரவுட்டர் வைத்தால் இணையம் பழுதாகாதா? இரவு எட்டு மணிக்கு நூலகர் மெயின் சுவிட்ச்சையே நிறுத்திவிட்டுத்தான் போவார், எண்ணிக்கை என்னவாகும்? மூன்றாவதுதான் முக்கியம். பிள்ளைகள் யாரோடு என்ன கதைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்துவிடுமா? எனக்கு அது வேண்டாம். சபையில் சிலர் அதைக் கேட்பார்கள் என்றும் தெரியும்.


ஒலுவில் பழைய மாணவன், அக்கரைப்பற்று

முதலாவதுக்கு: பாடத்துக்கும் பிரவுசிங்குக்கும் ஸூமுக்கும் ஒன்றும் ஆகாது. வெளியிலிருந்து உள்ளே வரவேண்டிய விஷயம் இருந்தால்தான் சிக்கல், உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்கு: கரண்ட் போனால் கியூவின் எண்ணிக்கை பூச்சியமாகும். கிராஃபைச் சேமிக்கச் சொல்லி வைத்தால் அது நிற்கும். ஆனாலும் அறையைப் பூட்டுவதற்கு முன் எண்களை ஒரு கொப்பியில் எழுதிவிடுங்கள்.


வாவிக்கரை, மட்டக்களப்பு

டீச்சரின் மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் இதே வேலையைப் பத்து வருடமாகச் செய்கிறேன்.

உள்ளடக்கம் தெரியாது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளமும் செயலியும் மறையாக்கத்தோடுதான் ஓடுகின்றன. எந்த முகவரிக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை எம்பி என்பது தெரியும். டிஎன்எஸ் கேள்விகளை (தளப் பெயருக்கு உரிய முகவரியைக் கேட்பவை) பதிந்தால் எந்தத் தளத்தின் பெயர் கேட்கப்பட்டது என்பதும் பெரும்பாலும் தெரியும். உங்கள் கேள்வி அளவைப் பற்றியது, ஆகவே டிஎன்எஸ் பதிவைத் தொடவே வேண்டாம். தளப் பெயர் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் சபையில் யாராவது அதைக் கேட்டு வாங்குவார்கள். இல்லாத பட்டியலை யாரும் கேட்க முடியாது.

தொடங்கும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எதை அளக்கிறோம், எதைப் பார்க்கவில்லை, எத்தனை நாள் வைத்திருப்போம். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் எண்ணிப் பிடித்தால், பிடிபட்டது யாராக இருந்தாலும், அந்த அறைக்குள் பிள்ளைகள் முன்போல நிம்மதியாக வந்து உட்கார மாட்டார்கள்.

போனிலும் புது லெப்டொப்பிலும் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் வசதி இருக்கும். அண்ட்ரொய்ட் 10இலிருந்து அது தானாகவே இயங்கும். உங்கள் அறையின் வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எந்தப் போன் யாருடையது என்று குழம்பும்.

கடைசியாக மின்னல். அந்த ஹெக்ஸ் 8 முதல் 30 வோல்ட் வரை டிசி ஏற்கும். ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ்ஸிலேயே ஓடும். ஆனால் சித்திரைப் பின்னேர இடி தொடங்கினால் யூபிஎஸ்ஸை நம்பி விடாதீர்கள், எல்லாவற்றையும் கழற்றுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே தொங்கும் செம்புக் கேபிள் இருந்தால் முதலில் அதை. ஒரு இடியில் எட்டு போர்ட்டும் போன சுவிட்ச் ஒன்று எங்கள் அலுவலகத்தில் இன்னும் கிடக்கிறது. உங்கள் உப்புக் காற்றுக்கு ஆர்ஜே45 முனைகள் (நெட்வொர்க் கேபிளின் முனைகள்) பச்சை பிடிக்கும், வருடம் ஒருமுறை பார்த்து வெட்டி மறுபடி கிரிம்ப் பண்ணுங்கள்.


வயரிங் நானா, கல்முனை

தம்பியின் யோசனைதான் சரி, வைஃபையை நான் விட்டுவிட்டேன். டீச்சர், செகண்ட் ஹேண்ட் மைக்ரோடிக் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ரீசெட். அடுத்தது அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்ஸைப் புதுப்பிப்பது. 2018இல் வின்பொக்ஸ் என்ற மைக்ரோடிக் நிர்வாகச் செயலி வழியாகக் கடவுச்சொல்லையே உருவும் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில் 6.42.1 பதிப்பில் அடைத்தார்கள். அதற்கு முந்திய பதிப்போடு இன்றும் கைமாறும் பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். பழைய பெட்டிகள் கடவுச்சொல்லே இல்லாமல் வரும், நீங்கள்தான் வைக்க வேண்டும்.

கல்முனைக்கு வந்தால் சொல்லுங்கள், வாங்குமுன் ஐந்து போர்ட்டையும் சோதித்துத் தருகிறேன். காசு வேண்டாம்.


ஐசிடி டீச்சர், பெரியகல்லாறு
ஜனவரி 27

எல்லோருக்கும் பதில் சொல்ல மூன்று கிழமை எடுத்துவிட்டது, மன்னியுங்கள். சும்மா இருக்கவில்லை.

நானாவோடு போய் செகண்ட் ஹேண்ட் ஹெக்ஸ் ஒன்று 11,500 ரூபாய்க்கு வாங்கினேன். முதலில் காட்டிய பெட்டியில் நான்காம் போர்ட் செத்திருந்தது. நானா இல்லாவிட்டால் அதைத்தான் கொண்டுவந்திருப்பேன். பழைய வைஃபை ரவுட்டர் எங்கள் சின்னம்மா வீட்டு அலுமாரியிலிருந்து. கேபிளுக்கும் முனைகளுக்கும் 1,800. மிச்சக் காசு வாசிகசாலைக்கே திரும்பியது.

கருவியைப் பொருத்தும் முன் பிள்ளைகளை உட்காரவைத்து எல்லாம் சொன்னேன். கதவில் தாளும் ஒட்டினேன். ஒரு மாணவி, "டீச்சர், அப்ப எங்களுடையதும் உங்களுடையதும் ஒன்றாகத்தான் எண்ணுப்படுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஃபாஸ்ட்ராக்கை நிறுத்த மறந்து முதல் நாள் முழுவதும் பூச்சியம் வந்தது. தம்பி எழுதியதை மறுபடி வாசித்துத் திருத்தினேன்.

ஒன்பது நாள் எண்ணினோம். மொத்தம் 41 ஜிபி. ஒன்பது டெஸ்க்டொப்பும் சேர்ந்து 9.8. நான்கு மாணவர் லெப்டொப்பும் சேர்ந்து 2.6. நூலகரின் போன் 0.6. மீதி 28 ஜிபியும் ஒரே ஒரு போன், எல்லாம் மேல்நோக்கிப் போனது, எல்லாம் பின்னேரம் ஆறரை மணிக்கு மேல். அது என்னுடைய போன்.

கொப்பியில் அந்த எண்ணை எழுதும்போது கை நின்றுவிட்டது. பாடப் பதிவுகள்தான். 45 நிமிடப் பாடத்தை 1080பியில் எடுக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 125 எம்பி, ஒரு பாடம் ஐந்தரை ஜிபிக்கு மேல். பாடம் முடிந்ததும் போன் தானாகவே அதைக் கிளவுட்டுக்கு ஏற்றுகிறது, அந்த இணைப்பைத்தான் மண்டூர்ப் பிள்ளைகளுக்கு அனுப்புகிறேன். ஒன்பது நாளில் ஐந்து பாடம். பதிவு எடுக்கத் தொடங்கியது ஒக்டோபரில், முதல் பெருமழைக்குப் பாதை ஓடாமல் நின்ற கிழமையில். இறக்குவதுதான் செலவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஏற்றுவதும் அதே 100 ஜிபியில்தான் கழிகிறது.

மிரர் சுவிட்ச் மட்டும் வாங்கியிருந்தால் இந்தப் போன் எந்தக் கணக்கிலும் வந்திருக்காது. ஒன்பது டெஸ்க்டொப்பில் எது முன்னால் நிற்கிறதோ அதில் இருந்த பிள்ளையின் பெயர்தான் கூட்டத்தில் வாசிக்கப்பட்டிருக்கும். அதை நினைத்து இரண்டு இரவு சரியாக நித்திரை வரவில்லை.

மறுநாள் பிள்ளைகளிடம் எண்களைப் பலகையில் எழுதிக் காட்டினேன், என் பெயரோடு. பதிவை நிறுத்தப் போவதில்லை. வெண்பலகை எழுத்து 480பியிலும் வாசிக்கமுடிகிறதா என்று மண்டூர்ப் பிள்ளைகளிடமே அனுப்பிக் கேட்டேன், முடிகிறது என்றார்கள். இப்போது பாடத்தைக் கணினியில் போட்டு 480பிக்குச் சுருக்கிய பிறகுதான் ஏற்றுகிறேன். ஒரு பாடம் 300 எம்பிக்குள் அடங்குகிறது. போனின் தானியங்கி ஏற்றத்தை நிறுத்திவிட்டேன். கூட்டத்துக்குக் கிராஃபை அச்செடுத்து வைத்திருக்கிறேன். அறையை எட்டு மணி வரை திறந்து வைக்கும்படி எழுத்தில் கேட்கப் போகிறேன்.

இன்னும் ஒன்று. டெஸ்க்டொப்பின் 9.8இல் 6 ஜிபிக்கு மேல் ஒரே நாளில், ஒன்பதும் ஒரே நேரத்தில் இழுத்தவை. விண்டோஸ் அப்டேட் என்று நினைக்கிறேன். இதற்கு ஏதாவது செய்யலாமா?


ஒலுவில் பழைய மாணவன், அக்கரைப்பற்று

செய்யலாம் டீச்சர். விண்டோஸ் செட்டிங்ஸில் டெலிவரி ஒப்டிமைசேஷன் என்று இருக்கும். அதில் மற்றக் கணினிகளிடமிருந்து பெற அனுமதி கொடுத்து, உள்ளூர் வலையமைப்பில் உள்ளவை மட்டும் என்பதைத் தெரிவு செய்யுங்கள். ஒன்பதிலும் அப்படியே. பிறகு ஒரு கணினியை மட்டும் முதலில் அப்டேட் பண்ண விட்டு, அது முடிந்த பின் அதை நிறுத்தாமல் மற்ற எட்டையும் தொடங்குங்கள். பெரும்பகுதி உங்கள் சுவிட்ச்சுக்குள்ளேயே கைமாறும். எவ்வளவு மிச்சம் என்று கியூ எண்ணிக்கையே காட்டும். மாதக் கடைசியில் டேட்டா குறைவாக இருந்தால் அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றில் மீட்டர்ட் (அளவுக் கட்டுப்பாடு உள்ள) இணைப்பு என்று குறித்து வையுங்கள், பெரும்பாலான அப்டேட் காத்திருக்கும். பாதுகாப்பு அப்டேட்டைக் கனநாள் தள்ளிப்போடாதீர்கள்.


வயரிங் நானா, கல்முனை

டீச்சர், கூட்டம் முடிந்ததும் எட்டு மணியா ஐந்து மணியா என்று இங்கே எழுதுங்கள். எட்டு மணி என்றால் மாடிப்படிக்கு ஒரு லைட் தேவைப்படும், அன்றைக்கு மேலே ஏறும்போது கவனித்தேன். வயரும் ஹோல்டரும் என்னிடம் இருக்கிறது.